கோலமாவில் போட்ட கார் கொட்டகை

பிடோக் வட்டாரத்தில் எங்கள் தரைவீட்டின் பக்கத்துக் காலி இடத்தில் தனியாக ஒரு கார் கொட்டகை கட்ட முடிவு செய்தேன். பக்கவாதம் வந்தபின் என் மனைவி கமலா வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். மழையில் காரிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று பயம். காரை நானே டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் ஓரடி விட்டு வரைபடம் போடச் சொன்னேன். அனுமதியும் கிடைத்தது.

அஸ்திவாரம் தோண்டவிருந்த காலையில், மன்னார்குடிக்காரரான மேஸ்திரி செல்வம், "அண்ணே, அக்கா எந்தப் பக்கம் இறங்குவாங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

கோடு போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். ஈரத் தரையில் சாக்பீஸ் பதியவில்லை. கமலா கோலமாவு டப்பாவைக் கொடுத்தாள். செல்வம் சுவர் வரும் இடத்தில் கோடு இழுக்க, "தம்பி, கோணலா போகுது லா" என்று அதட்டவும் செய்தாள்.

கோட்டுக்குள் காரை நிறுத்தி அவள் பக்கக் கதவைத் திறந்தேன். பாதி திறப்பதற்குள் கதவு கோட்டைத் தாண்டிவிட்டது.

"சுவர் எழும்பியிருந்தா நான் காருக்குள்ளயே குடியிருக்கணும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காகக் கட்டுகிறேனோ அவளையே கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தேன்.

வரைபடத்தை மாற்றி மறுபடி அனுமதி வாங்கச் சில வாரங்கள் ஆயின. இப்போதெல்லாம் ஓர் அலமாரி வாங்குவதானாலும் தரையில் அதன் அளவுக்குக் கோடு போட்டு, கமலாவை வாக்கரோடு நடந்து பார்க்கச் சொல்கிறேன்.

கொட்டகை முடிந்த அன்று, காரை உள்ளே நிறுத்திவிட்டு, வழக்கம்போல் கமலாவுக்குக் கைகொடுக்க ஓடினேன்.

"தள்ளி நில்லுங்க, இடம் இருக்கு" என்று அவளே இறங்கினாள்.