கடைசியாகச் சேமித்தவர்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் மீன் தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருடமாகக் கணினித் தொழிற்கல்வி சொல்லிக்கொடுத்தவர் வென்டி பிளான்சர்ட். கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு. அந்தப் படிப்பின் சான்றிதழுக்குப் பாதி மதிப்பெண் வகுப்பில் அவரவரே செய்யும் வேலைக்கு. தவறு இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லலாம். எப்படித் திருத்துவது என்று மூச்சுவிடக் கூடாது. முடிவில், இது மாணவரின் சொந்த வேலை என்று ஆசிரியரே கையெழுத்திட வேண்டும். அப்போது மட்டும் டீச்சர், தாளில் கறை படாதபடி, தேநீர்க் கோப்பையை எட்டத் தள்ளி வைப்பார்.

வருடா வருடம் முதல் வகுப்பில், ஒரு கணினிக் கோப்பினைக் கடைசியாகச் சேமித்தவர் யார் என்று பார்க்கும் வழியைச் சொல்லிக்கொடுப்பார். அடுத்தவன் வேலையைத் திருடினால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும் என்று மிரட்டுவார். பிள்ளைகள் சிரித்துக்கொள்வார்கள்.

டீகன் ஹோல்ராய்டுக்குப் பதினாறு வயது. பிடிவாதக்காரி, ஆனால் கணக்கில் தடுமாற்றம். இது இரண்டாம் முயற்சி, இனி வாய்ப்பில்லை. தேறினால் கல்லூரியில் கணினி பழுதுபார்க்கும் படிப்பு. இல்லையென்றால் அம்மாவோடு மீன் வெட்டப் போக வேண்டியதுதான். நீச்சல் குளத்துக்கு அவள் கணினியில் செய்த கட்டணப் பட்டியலில் கிழவருக்கும் குழந்தைக்கும் மட்டும் தர வேண்டிய சலுகை ஊருக்கே கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு சூத்திரத்தில்தான் அவள் தேர்ச்சி தொங்கியது.

ஒரு வியாழக்கிழமை, தம்பி பள்ளியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டான் என்று தகவல் வந்தது. டீகன் திரையை அப்படியே விட்டு ஓடினாள். மணியடித்து வகுப்பு கலைந்தபின் டீச்சர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். திரை பூட்டிக்கொண்டிருந்தது; தன் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்து, சூத்திரத்தைத் திருத்திச் சேமித்தார். எழுந்தபோது அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை. 

அடுத்த வகுப்போடு அந்த வேலைக்கான நேரம் முடிந்தது. டீகன் வேலையைத் தந்துவிட்டுப் போனாள். மதிப்பெண் போடத் திறந்தால், பழைய தவறு பழைய இடத்தில் இருந்தது. கடைசியாகச் சேமித்தவர் டீகன்.

டீச்சர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சரியா இருந்ததை ஏன் மாத்துன?"

"அது நான் போட்டதில்ல மிஸ். உங்க பேரு இருந்துச்சு. பாக்கத் தெரியாதா எனக்கு? நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க."

"எப்படின்னுதான் தெரிஞ்சுதே, நீயே மறுபடி போட்டிருக்கலாமே."

"காப்பியடிச்சா காப்பிதான் மிஸ்." டீகன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அதோட, தெரிஞ்சா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மீன் வெட்ட அம்மா பக்கத்துல ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. எனக்கு அது போதும்."

 வெட்கம் டீச்சரைப் பிடுங்கித் தின்றது. அவள் போனபின் மதிப்பெண்ணைக் கூட்டினார், மறுபடி கூட்டினார். தேர்ச்சிக்கு இரண்டு குறைந்தது. இரண்டே இரண்டு.

அதையே எழுதினார். சொந்த வேலை என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டார். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைக்க மறந்திருந்தார். அந்த வரி பொய்யில்லைதான். பொய்யாகாமல் காத்தது அவர் இல்லை.