மழையில் பார்த்த யானைக் கூட்டம்

2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் தெருமுனையிலிருந்த பயண முகவர் அலுவலகத்தில் நானும் கணவரும் உட்கார்ந்திருந்தோம். கென்யாவுக்குப் போய்க் காட்டு மிருகங்களைப் பார்க்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை.

முகவர் ஒரு ஜெர்மன் பெண். நாங்கள் கேட்ட ஏப்ரலில் மட்டும் போகாதீர்கள் என்றார். அது பெருமழைக் காலம், புல் உயர்ந்து நிற்கும், பாதையெல்லாம் சேறு. ஓகஸ்ட்டில் போனால் நல்ல வெளிச்சம், மிருகங்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடப்பதையும் பார்க்கலாம் என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் என் கணவருக்கு, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஒரு சின்ன வட்டம்தான் மிஞ்சியிருந்தது. வெளிச்சம் குறைந்தால் அதுவும் மங்கிவிடும். அது எவ்வளவு காலம் இருக்கும் என்று கண் டொக்டராலும் சொல்ல முடியவில்லை.

"வெளிச்சமான நேரம் போனால்தானே உங்களுக்கு வடிவாத் தெரியும்? ஓகஸ்ட் வரைக்கும் பொறுப்பமே?" என்று கேட்டேன்.

"ஓகஸ்ட்டில மிருகங்கள் நிக்கும். என்ர கண் நிக்குமோ?" என்றார்.

ஏப்ரலுக்கே பதிவு செய்தோம்.

போன இடத்தில் மழை விடவேயில்லை. ஜீப் சேற்றில் புதைவதும் அதை இழுத்தெடுப்பதுமாக நாட்கள் போயின. சாரதி சிங்கம் நிற்கும் பக்கம் கையை நீட்டுவார். இவர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவார். அதற்குள் அது புல்லுக்குள் மறைந்துவிடும். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

கடைசி நாள் காலையில் ஒரு யானைக் கூட்டம் ஜீப்பை ஒட்டியே கடந்து போனது.

"தெரியுதே?"

"கால் தெரியுது... இப்ப காது... பொறும், கண் தெரியுது!" என்றார். பிறகு மெதுவாக, "எத்தினை நிக்குது, சொல்லும்" என்றார்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மழைச் சத்தத்துக்குள் அவர் அழுவது கேட்டது.

ஓகஸ்ட் வந்தது. அந்தச் சின்ன வட்டம் அப்போதும் அவரிடம் மிஞ்சியிருந்தது. இன்னொரு முறை போக எங்களுக்கு லீவும் இல்லை, வசதியும் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் பொறுத்திருக்கலாம், என்ன?" என்றார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவருக்கு எல்லாமே இருண்டுவிட்டது.

எதற்கும் சரியான நேரம் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் இப்போதும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன்; எங்களுடைய நேரம் எது என்பது, அது கடந்து போன பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.