டைரக்ட் கொடுத்தது யார்

வயது ஐம்பத்து மூன்று. ஒயரிங் தொழிலுக்கு வந்து இருபத்தாறு வருடம். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மூணுபின்'. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி, எர்த்துக்கான மூன்றாவது கால் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்.

"மோட்டார் ஓடுற மெஷினா? பதினாறு ஆம்ப் பிளக், நாலு ஸ்கொயர் ஒயர், எர்த். இதுல பேரம் பேசாதீங்க" என்பார்.

தங்கை கணவரின் மரப்பட்டறைக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி லைன். எங்கே மின்சாரம் கசிந்தாலும் கண் இமைப்பதற்குள் அறுத்துவிடும் டிரிப்பர் ஒன்று. நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை.

போன மாதம் டிரிப்பர் விழ ஆரம்பித்தது. கையில் பிடித்து இழைக்கும் மெஷினை ஆன் செய்தாலே பட்டறை மொத்தமும் நின்றுவிடும். பிரித்துப் பார்த்தால், மோட்டார் காயிலில் ஈரம் ஏறிக் கசிவு.

"மாப்ள, காயில் கட்டணும். நாலு நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு கதவு போகணும் மச்சான்! உங்க டிரிப்பரும் உங்க தங்கச்சி மாதிரியே இருக்கு, நான் ஆரம்பிச்சாலே கட் பண்ணுது. டைரக்ட் குடுங்க."

முடியாது என்று மூன்று முறை சொன்னார். நான்காவது முறை சொல்லவில்லை. எர்த் இருக்கிறது, தாங்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, டிரிப்பரைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு சாண் ஒயரை முறுக்கி மாட்டினார். இரண்டு நிமிட வேலை. "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை கதவுகள் போயின. காயில் கட்டப்படவில்லை. இவருக்கு வேறொரு கட்டடத்தில் தலைக்கு மேல் வேலை. ஒயர் அப்படியே கிடந்தது.

அடுத்த வியாழன், பட்டறையில் இழைப்பு வேலை செய்தவர் நீளமான பலகை ஒன்றை உள்ளே திருப்ப இடமில்லாமல் மெஷினோடு முற்றத்துக்கு வந்தார். அங்கே இருந்தது இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷன் பெட்டி. பிளக்கின் மூன்றாவது காலைக் கட்டிங் பிளேயரால் ஒடித்து, மற்ற இரண்டையும் எப்படியோ அழுத்திச் சொருகினார். முதல் நாள் மழையில் தரை நனைந்திருந்தது. மெஷினைப் பிடித்த கை விடவே இல்லை.

மின் ஆய்வாளர் வருவதற்குள் தங்கை கணவர் முந்திக்கொண்டார்.

"அந்த ஒயரை எடுத்துட்டேன் மச்சான். பின்னை ஒடைச்சது அவன். பார்த்தவங்க மூணு பேர் இருக்காங்க. நீங்க வாயைத் தொறந்தா உங்க லைசென்ஸ் போச்சு, என் பட்டறையும் போச்சு. உங்க தங்கச்சி நடுத்தெருவுல நிப்பா."

இவர் வாயைத் திறக்கவில்லை. இறந்தவரின் கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதினார்கள்.

பத்தாம் நாள் இறந்தவரின் மனைவி இவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, அவரே ஒடைச்சு அவரே செத்தார்னு சொல்றாங்க. ஒயரிங் பண்ணது நீங்கதானாமே. அவ்ளோதானா விஷயம்?"

"பின்னை ஒடைச்சது அவர்தாம்மா."

"சரி. ஒடைச்சா உயிரே போயிடுமா?"

போகாது. டிரிப்பர் வேலை செய்திருந்தால் ஒரு உதறலோடு மின்சாரத்தை அறுத்திருக்கும். மனுஷன் எழுந்து, மெஷினை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்.

"போகாதும்மா. அதைத் தடுக்க ஒண்ணு வெச்சிருந்தேன். நானேதான் அதை டைரக்ட் பண்ணேன்."

அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை.

"இதை எங்க போய்ச் சொல்லணும்? வாங்க" என்றார்.

இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். மின் ஆய்வாளர் அலுவலகத்தில் இவர் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பட்டறைக்குச் சீல் வைத்தாயிற்று. தங்கை இவர் போனை எடுப்பதில்லை.

விசாரணை அடுத்த செவ்வாய், காலை பத்தரைக்கு.