ஏற்காட்டு மலையில் அடித்த கடல்காற்று

அன்பியத்து ஜெபக்கூட்டத்துக்கு வந்த சொந்தங்களே, நான் கொட்டிவாக்கம் குப்பத்து பிலோமினா. கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. தெருத்தெருவாக மீன் கூவித்தான் பழக்கம். சத்தம் கூடுதலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதா எனக்குச் செய்ததை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் அந்தோணியை உங்களுக்குத் தெரியும். போன வருஷம் ஒருநாள் காலையில் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை தொங்கிப்போச்சு. வாய் கோணிக்கொண்டது. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும், வார்த்தையும் உள்ளே இருக்கும், ஆனால் வெளியே வர வழி அடைத்துப்போச்சு என்றார் டாக்டர். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

முதலில் அவர் முயற்சி செய்து பார்த்தார். வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, கண்தான் நிறையும். பிறகு அதையும் விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நல்லா இருந்த காலத்தில் என் தொண்டையை அடக்கப் பொழுதுக்கும் "கத்தாத பிலோமி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வார்த்தைக்காக ஏங்கும் நாள் வரும் என்று யார் கண்டார்கள்?

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபமாலை ஒரே முறைதான். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை நான் சொல்வேன், இரண்டாம் பாதியை அவர் முடிப்பார். அவர் விழுந்த பிறகு இரண்டு பாதியையும் நானே சொன்னேன். சொந்தங்களே, அதைவிடப் பெரிய தனிமையை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் மாதா மேலேயே கோபம் வந்துவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

நடக்க வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால், அடையாறு சகாயம் டீச்சர் நடத்தும் காலை நடைக் கூட்டத்தில் அவரையும் இழுத்துக்கொண்டு சேர்ந்தேன். அவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே கடற்கரை ரோட்டில் நடப்பவர்கள். முன்னே போகிறவர்கள் முதல் பாதி, பின்னே வருகிறவர்கள் மறு பாதி. இரண்டு பாதியிலும் என் குரல் எல்லாரையும் அமுக்கிவிடும். "மாதாவுக்குக் காது நல்லாவே கேக்கும் பிலோமி" என்று டீச்சர் கிண்டல் பண்ணுவார். அந்தோணி ஊன்றுகோலோடு காலை இழுத்து இழுத்துப் பின் வரிசையில் வருவார். வாய் மட்டும் திறக்காது.

இந்தக் கூட்டம்தான் ஏற்காட்டுக்கு வேன் வைத்தது. எனக்குப் போகவே மனசில்லை. அவரைக் கேட்டேன். தலையாட்டினார்.

கடலை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த ஏரியை எப்படிச் சொல்வது? விடியற்காலையில் போய் நின்றோம். அவ்வளவு தண்ணீர், ஒரு சத்தம் இல்லை. அலை இல்லை, உப்பு வாசம் இல்லை. தண்ணீருக்கு மேலே வெள்ளையாகப் புகை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. நான்கூட வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து, முதுகில் வெயில் விழ, காட்டுப் பாதையில் நடந்தோம். உசரம் உசரமான மரங்கள், அவற்றைப் பிடித்து ஏறும் மிளகுக்கொடிகள், நிழலில் காபிச் செடிகள். எங்கேயோ ஒரு குருவி விசில் அடித்தது. தண்ணீர் சொட்டும் பாறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இதையெல்லாம் செய்த ஆண்டவர் நம் குப்பத்தையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கக்கூடாதா என்று பொறாமையாகவே இருந்தது. பாதை ஒரு பாறை விளிம்பில் போய் முடிந்தது. கீழே தரை முழுவதும் நீலமாக, அந்தம் தெரியாமல் விரிந்து கிடந்தது. அது வெறும் ஊரும் வயலும்தான். ஆனால் அந்தோணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்லா இருக்கிற இடது கையை அதை நோக்கி நீட்டினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நம்ம கடல் மாதிரியே இருந்தது.

திரும்பும் வழியில், மத்தியானம், காட்டுக்குள் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கொஞ்சம் தள்ளி டீச்சரின் செருப்பு அறுந்துவிட, கயிறு போட்டுக் கட்டிக் கொடுக்கப் போனேன். அதற்குள் காற்று கிளம்பியது. கூடவே மூடுபனி. பக்கத்து மரம் தெரியவில்லை. தடவித் தடவித் திரும்பி வந்தால், பாறையில் சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறது, ஊன்றுகோல் இருக்கிறது, ஆள் இல்லை.

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஏரிக்குப் போகும் பாதையில் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். கூப்பிட்டால் ஆச்சா? பதில் சொல்ல அவருக்கு வாய் ஏது?

அப்போதுதான் முகத்தில் அடித்த காற்று உறைத்தது. நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் காற்று கடலிலிருந்துதானே வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் காற்றுக்கு முகம் கொடுத்து நடந்தால் கரைக்குப் போய்விடலாம். பிறந்ததிலிருந்து அப்படி நடந்த மனுஷன் அவர். காலையில் வேறு அந்த நீலத்தைப் பார்த்திருக்கிறார்.

"அவரு கடலுக்குப் போய்க்கினு கீறாரு" என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் டீச்சர் நினைத்திருப்பார். காற்று வந்த பக்கம் கையைக் காட்டினேன். வழிகாட்ட வந்திருந்த உள்ளூர்க்காரரின் முகம் மாறிப்போனது.

"அம்மா, அந்தப் பக்கம் பாறை விளிம்புங்க."

"அதான் சொல்றேன், வாய்யா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, குச்சியால் தரையைத் தட்டித் தட்டி முன்னே போனார். ஓடக்கூடாது, கால் வழுக்கினால் அவ்வளவுதான் என்றார். நான் அந்தோணி, அந்தோணி என்று கூப்பிட்டேன். காற்றுதான் ஊளையிட்டது. "மாதாவே, எனக்கு உன்மேல கோவம் கீது, அது வேற. அந்த மனுசனை நின்ன இடத்துல நிக்க வை" என்றேன். இவ்வளவுதான் என் ஜெபம். அதற்குமேல் சொல்ல எனக்கும் வார்த்தை இல்லை.

வார்த்தை இல்லாதபோது பழகினதுதானே வாயில் வரும்? ஜெபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் பாதி தானாக வந்தது. அடையாறு மாடி வீடுகளுக்குக் கேட்கிற மாதிரி, மீன் கூவும் அதே குரலில் சொன்னேன். முடித்தபோது மூச்சு முட்டியது. மறு பாதியைச் சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து மறு பாதி வந்தது.

நாக்குத் தடித்த குரல். இழுத்து இழுத்து வந்தது. ஆனால் ஒரு சொல் விடவில்லை. "யாரும்மா அது?" என்றார் வழிகாட்டி. "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லும்போதே நான் அழுதுவிட்டேன். திரும்ப முதல் பாதியைச் சொன்னேன். திரும்பப் பதில் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் ஜெபம் சொல்லும்போது அந்தோணி இடத்தை விட்டு அசையமாட்டார். அந்த நம்பிக்கையில் நாங்கள் சொல்லிச் சொல்லிக் குரலை நோக்கி நடந்தோம். ஒவ்வொரு ஜெபத்துக்கும் குரல் கிட்டத்தில் வந்தது.

ஒரு சின்ன மரத்தை இடது கையால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த மரத்துக்கு அப்பால் தரை இல்லை. பனிதான் இருந்தது. வழிகாட்டி அவர் இடுப்பைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தார். நான் மார்பில் அடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஆள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தாத" என்றார்.

அதைக் கேட்டுச் சத்தமே போடாமல் நின்றேன். டீச்சர் வந்து என் தோளைத் தொடும்வரை நின்றேன்.

சின்ன வயசிலிருந்து சொன்ன ஜெபம் சிலருக்குப் பேச்சு போன பிறகும் வரும் என்று, ஊருக்கு வந்த பிறகு டாக்டர் விளக்கினார். சந்தோஷம். அந்த ஒரு வழியை அடைக்காமல் விட்டுவைத்தது யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்தோணியின் கால் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது. பேச்சும் முழுசாக வரவில்லை. தண்ணி என்கிறார், போதும் என்கிறார், என் பேரைப் பாதி சொல்கிறார். வீட்டில் மெழுகுவர்த்தி திரும்ப எரிகிறது. அந்த ஏரியையும் காட்டையும் நினைத்தால் இப்போது பொறாமை வருவதில்லை. அங்கேயும் இங்கேயும் இருக்கிறவர் ஒருவர்தான்.

சொந்தங்களே, ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். அத்தனை மாசமாக நான் மூச்சு விடாமல் இரண்டு பாதியையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு இடமே விடவில்லை. ஆண்டவருக்கும் விடவில்லை. உங்கள் வீட்டில் எது அடைத்துக் கிடந்தாலும், கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

இப்போது நான் முதல் பாதியைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பின் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அவர் மெதுவாகத்தான் சொல்வார். அவருக்கு முன்னால் ஓடாமல், அவரோடு சேர்ந்து மறு பாதியைச் சொல்லுங்கள்.