துவாய் சுற்றிய கம்பி

போன கிழமை வெள்ளவத்தையில், குளிரூட்டிய ஜிம் ஒன்றில், பாரம் பூட்டிய கம்பியைத் தோளில் வைத்து, குந்தி எழும்பிக்கொண்டிருந்தேன். அங்கே பழக்குகிற பொடியன் பக்கத்தில் வந்தான். "அண்ணே, கழுத்த அந்தமாதிரி வச்சிருக்கிறீங்கள். ஆர் பழக்கினது?" பாராட்டுத்தான். கம்பியைத் தாங்கியில் வைத்தேன். கம்பியில் சுற்றியிருந்த ஸ்பொஞ்சில் யாருடைய வியர்வையோ ஊறியிருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியது.

மணம் என்றால் அது கொட்டாஞ்சேனை மணம். சண்டைக் காலத்தில் றெஜி அண்ணன் தன் வீட்டின் பின்பக்கம், தகரக் கூரையின் கீழ் ஒரு ஜிம் நடத்தினார். தெருவில் கும்பலாக நின்றால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்பதால் தமிழ்ப் பொடியன்கள் எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவோம். கம்பியைச் சுற்றி ஒரு துவாய். அதன் நிறமே மண்ணிறம் என்றுதான் நினைத்திருந்தேன், வாங்கியபோது வெள்ளையாம். எல்லோருடைய கழுத்து ஊத்தையையும் குடித்த அந்தத் துவாயை நானும் பின்கழுத்தெலும்பில் அழுத்தி வைத்து, முகட்டைப் பார்த்தபடி எழும்புவேன். அங்கே அதுதான் சாத்திரம். "மேல பாரடா! நோகுதெண்டால் உடம்பு ஏறுதெண்டு அர்த்தம்," என்பார் றெஜி அண்ணன். ஏறியது நோவு மட்டும்தான். காலையில் வேலை செய்த கந்தோரில் யாராவது கூப்பிட்டால் கதிரையோடு திரும்புவேன்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பின்கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. அம்மாவுக்கு என் பைத்தியம் விளங்கவேயில்லை. "மூட்டை தூக்கக் கூடாதெண்டுதானே உன்னைப் படிப்பிச்சனாங்கள். இப்ப காசு குடுத்துப் போய்த் தூக்கிறியோ?"

"மூட்டையெண்டாலும் உள்ளுக்கு அரிசியாவது இருக்கும்," என்பார் அப்பா.

ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸால் இறக்கி, பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம்வரை மர வாங்கில் இருத்திவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழுத்தில் கன்றிக் கறுத்த தழும்பைக் கண்டதும் அதிகாரி சாப்பாட்டுப் பார்சலை விட்டு எழும்பி வந்தார். இயக்கத்தோடு காட்டில் பாரம் சுமந்து பயிற்சி எடுத்த தழும்பு என்று நினைத்துவிட்டார். அப்படி நினைத்து உள்ளே போட்டால் எப்போது வெளியே வருவோம் என்று யாருக்கும் தெரியாத காலம்.

"மேக்க மொக்கத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஜிம், சேர்."

மூலையில் நின்ற தும்புத்தடியைத் தந்து செய்து காட்டச் சொன்னார். கக்கூஸ் கழுவிய தடி, ஈரம்கூடக் காயவில்லை. அதைக் கழுத்தெலும்பில் வைத்து, முகட்டைப் பார்த்து, குந்தி எழும்பினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கருவாட்டுக் குழம்பு ஒட்டியிருந்த விரல்களால் தடியைத் தோள் சதைக்கு இறக்கினார். என் நாடியை வாய்க்குக் கீழே பிடித்து உள்ளே தள்ளினார். பார்வையைத் தரையில், கொஞ்சம் முன்னுக்கு, வைக்கச் சொன்னார். அவரும் இரும்பு தூக்குகிறவராம். "பெல்ல கெடெனவா, மல்லி." கழுத்து முறிந்துவிடும், தம்பி. அதை அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் இன்றைக்கும் தொண்டையில் புளிக்கிறது.

செய்தி கேட்டு அப்பா ஓடி வந்தார். துறைமுக அட்டையைக் காட்டிய பிறகும் அதிகாரி அதே விரல்களால் அவருடைய சட்டைக் கொலரை விலக்கி, கட்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், சந்தையில் மாம்பழம் பார்க்கிறமாதிரி. அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு எங்களைப் போகச் சொன்னார்கள்.

தெருக்குழாயில் அப்பா கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நானும் நாடியைக் கழுவினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "நாறல் கை," என்று துப்பினார். கொஞ்சத் தூரம் நடந்ததும், "ஆனா அவன் சொன்னது சரியடா. கழுத்தில வச்சுத்தான் எனக்கு இது வந்தது. நீ இறக்கி வச்சுத் தூக்கு," என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான் தூக்குகிறேன். கழுத்து ஒருநாளும் நொந்ததில்லை. நாடியை உள்ளிழுக்கும்போதெல்லாம் கருவாடு மணக்கும், அவ்வளவுதான்.

றெஜி அண்ணன் கனடா போய்விட்டார். தகரக் கூரை இருந்த இடத்தில் மாடிக் கட்டடத்துக்காரர் கார் நிறுத்துகிறார்கள். துவாய் எந்தக் குப்பையில் போனதோ. என் தழும்பும் மறைந்துவிட்டது. அப்பா தன் கட்டியோடேயே போய்ச் சேர்ந்தார்.

பொடியன் பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"அப்பா," என்றேன்.

"அட, அவரும் ஜிம்முக்குப் போனவரோ?"

"ஓம். துறைமுகத்தில ஒண்டு இருந்தது."