சிரிங்க சார் திருத்திய வாய்

எங்கள் தெரு ஸ்டூடியோக்காரருக்குப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இருபத்தாறு வருடமாக "சிரிங்க, சிரிங்க" என்று கெஞ்சியே படம் எடுத்ததில் 'சிரிங்க சார்' ஆகிவிட்டார். கோணல் மூக்கை நிமிர்த்துவது, வழுக்கையில் முடி வளர்ப்பது எல்லாம் கம்ப்யூட்டரில் அவருக்கு இரண்டு நிமிட வேலை. தன் ரத்தக் கொதிப்பையும் அதே அலட்சியத்தோடுதான் நடத்தினார். தலை வலித்தால் மாத்திரை, வலிக்காவிட்டால் சிகரெட்.

"டாக்டர் தினமும் போடச் சொன்னாருல்ல?" என்பாள் மனைவி.

"நல்லா இருக்கும்போதே போட்டா மாத்திரைக்கு என்ன மரியாதை இருக்கு?"

ஒருநாள் லைசென்ஸ் புதுப்பிக்க அவருக்கே படம் தேவைப்பட்டது. டைமர் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்குத்தானே "சிரிங்க" சொல்லிக்கொண்டார். முதல் படத்தில் கண் மூடியிருந்தது. மறுபடி எடுத்தார். கண் திறந்திருந்தது, வாயின் இடது ஓரம் தொங்கியது. லென்ஸைத் துடைத்தார். மூன்றாவதிலும் தொங்கியது.

சாதாரண மனிதன் பயந்திருப்பான். இவர் கலைஞர். வலது பாதி வாயை நகலெடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டினார். எட்டுப் பிரதி அச்சடித்தார். அவற்றை வெட்டும்போது இடது கையிலிருந்து தாள் நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. அப்போதுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கையைத் திருத்தக் கம்ப்யூட்டரில் வழியில்லை.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க, வாய் ஏன் ஒரு பக்கமா போகுது?"

நாக்கு குழற, "சதி பண்ணித்தேன்" என்று படத்தை நீட்டினார்.

"படத்தைச் சரி பண்ணிட்டீங்க, மூஞ்சிய?" அவள் தெருவில் இறங்கிக் கத்தினாள்.

பக்கத்துக் கடைக்காரர் கார் எடுத்தார். சிரிங்க சார் வலது கையால் காமிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உசுரு போற நேரத்துலயும் இது வேணுமா?" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்; இடது கை சரிந்தது. "பக்கவாதம்தான். எப்ப ஆரம்பிச்சது? நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ரத்தக்கட்டைக் கரைக்க ஊசி போடலாம். நேரம் தெரியலைன்னா கஷ்டம்."

மனைவிக்குத் தெரியாது. அவருக்கோ பேச்சு வரவில்லை, எச்சில்தான் வழிந்தது. வலது கையால் காமிராவை நீட்டினார். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் எடுத்த நேரம் இருந்தது. கண் மூடி, வாய் நேராக: 11.52. கண் திறந்து, வாய் கோணலாக: 11.55. சுவரில் மணி ஒன்றேகால். ஸ்கேன் எடுத்ததும் ஊசி ஏறியது.

வாய் திரும்பிவிட்டது, கிட்டத்தட்ட. சிகரெட் போயிற்று, உப்பு பாதியாயிற்று, காலை எட்டு மணிக்கு மாத்திரை தவறுவதில்லை. மாத்திரை இறங்கியதும் தன்னையே ஒரு படம் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது ஓரத்தைப் பார்க்கிறார். திருத்தும் தைரியம் போய்விட்டது.

ஸ்டூடியோவில் யாராவது கொஞ்சம் கோணலாகச் சிரித்தாலும் பதறுகிறார். "ரெண்டு கையையும் தூக்குங்க!"

"பாஸ்போர்ட் படந்தானே சார்? போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

"முதல்ல தூக்குங்க!"