மூன்று துளை தள்ளிப்போன தகடு

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் அந்த ஜீப்பை ‘அப்பாவோட பழைய இரும்பு’ என்றுதான் சொல்வீர்கள். சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த இரும்புக்குள் இப்போது ஓடுகிற இன்ஜின் எப்படி வந்தது, யாரால் வந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. நான் செகண்டரி டூவோடு படிப்பை விட்டவன். வாயால் சொன்னால் நீங்கள் பாதியிலேயே போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

சாங்கியில் நான் வேலை பார்க்கும் படகுப் பட்டறையில், கடலுக்குள் இறங்குகிற சிமெண்ட் சரிவு ஒன்று இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பழுது பார்க்க வேண்டிய படகை நாலு சக்கர வண்டியில் ஏற்றி, அந்தச் சரிவில் மேலே இழுக்க வேண்டும். இழுப்பது ஜீப். ஜீப்பை ஓட்டுவது நான். பதினான்கு வருடமாக எனக்கு இதுதான் வேலை. அந்த ஜீப் பட்டறைக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததே கிடையாது. அதனால் பத்து வருடம் ஆனால் ரோட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மற்ற வண்டிகளுக்கு உள்ள கணக்கு அதற்கு இல்லை. உப்புத் தண்ணீர்தான் அதற்கு எமன்.

போன வருடம் அதன் பெட்ரோல் இன்ஜின் நின்றுவிட்டது. இன்ஜின் பிளாக்கிலேயே விரிசல். தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, வந்து எட்டிப் பார்த்தார்.

“ஃபினிஷ் லா. ஸ்கிராப்,” என்றார்.

“ஜீப்புக்குப் பதிலா என்ன பாஸ்?”

“டிராக்டர். கம்பெனிக்காரன் கொண்டு வருவான். டிரைவரோட.”

டிரைவரோட. டிராக்டருடன் டிரைவரும் வந்துவிட்டால் அந்தச் சரிவில் எனக்கு என்ன வேலை? ஐம்பத்திரண்டு வயதில், செகண்டரி டூ படிப்போடு, நான் எந்தக் கதவைத் தட்டுவது? உங்கள் அம்மாவிடம்கூட அன்றைக்கு நான் சொல்லவில்லை.

ஒரே ஒரு வழிதான் தோன்றியது. பழைய ஸ்கிராப் யார்டில் ஒரு ரொட்டி வேன் கிடந்தது. பத்து வருடம் முடிந்ததால் ரோட்டிலிருந்து எடுத்த வேன். டீசல் இன்ஜின், ஐந்து கியர். பத்து வருடம் ரொட்டி மட்டுமே சுமந்த இன்ஜினுக்கு என்ன கேடு வந்திருக்கும்? அதையும் அதன் கியர் பெட்டியையும் எடுத்து ஜீப்பில் வைத்துவிடலாம் என்று தவுக்கேயிடம் கெஞ்சினேன். அவர் சுவரில் இருந்த அலைக் கணக்குத் தாளைக் காட்டினார். அமாவாசையன்று தண்ணீர் நன்றாக ஏறும். அன்றைக்குத்தான் ஒரு பெரிய மீன்பிடிப் படகைச் சரிவுக்குக் கொண்டுவர முடியும். அது புதன்கிழமை.

“வெட்னஸ்டே ஜீப் இழுத்தா, ஜீப் இருக்கும். இழுக்கலன்னா டிராக்டர் வரும். ஓகே?”

“ஓகே பாஸ்,” என்றேன். மூன்று வாரம் இருந்தது.

இன்ஜினை இறக்குவது எனக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை வேறு. ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. நாலு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். வேனின் கியர் பெட்டி ஒரு கம்பெனி, ஜீப்பின் இந்தப் பெட்டி வேறு கம்பெனி. இரண்டின் முகமும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் ஒரு கனமான தகடு வேண்டும். ஒரு பக்கம் கியர் பெட்டியின் போல்ட்டுகளுக்குத் துளை, மறுபக்கம் ஜீப் பெட்டியின் போல்ட்டுகளுக்குத் துளை. உள்ளே இரண்டு தண்டுகளையும் சேர்க்க ஒரு இரும்புக் குழல் வேண்டும். இதைக் கடையில் வாங்க முடியாது. யாராவது வெட்டித்தான் தர வேண்டும்.

அப்போதுதான் துவாஸ் தம்பியின் நினைவு வந்தது. முன்பு ஒருமுறை எங்கள் பட்டறைக்குப் படகின் விசிறித் தண்டு ஒன்றைக் கடைந்து கொடுக்க வந்தவர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். துவாஸில் ஒரு கம்பெனியில் லேத்தும் மில்லிங் மெஷினும் ஓட்டுகிறார், அங்கேயே டார்மிட்டரியில் தங்கியிருக்கிறார். போன் பண்ணினேன்.

“ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு வருவேண்ணே. அளவு கொண்டு வாங்க. சூப்பர்வைசர்கிட்ட மெஷினக் கேட்டுப் பாக்குறேன்.”

இனி வருவது என் முட்டாள்தனம். ஜீப் பெட்டியின் முகத்தை அளவெடுப்பது சுலபமாக இருந்தது. அட்டையை அதன்மேல் வைத்து, ஓரத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் துளைகள் அப்படியே விழுந்துவிடும். இரண்டு இரும்புக்கு நடுவில் வைக்கிற கேஸ்கட்டை வெட்டுகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வேனின் கியர் பெட்டி சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டினால் ஆடியது. டூல் பெட்டியில் ஆயுத பூஜைக்கு வாங்கிய குங்குமப் பொட்டலம் மிச்சம் இருந்தது. கொஞ்சம் ஆயிலில் அதைக் குழைத்து, பெட்டியின் முகத்தில் பூசி, ஒரு அட்டையை அழுத்தி எடுத்தேன். எட்டுத் துளையும் சிவப்பாக, அழகாக விழுந்தன. எனக்கே என்மேல் ஒரு பெருமை.

அட்டை ஆயிலும் சிவப்புமாகக் கையில் ஒட்டியது. இதை எப்படி ஒரு மனிதரிடம் கொடுப்பது என்று, வீட்டில் உங்கள் ஜியாமெட்ரி பெட்டியை எடுத்து, புது அட்டையில் பென்சிலால் சுத்தமாக வரைந்து, துளைகளையும் வெட்டினேன். பழையதைக் குப்பையில் போட்டேன். ரப்பர் ஸ்டாம்பை நீங்கள் பார்த்திருப்பீர்களே? அதில் எழுத்து திரும்பி இருக்கும், தாளில் விழும்போது நேராகும். குங்கும அச்சும் அப்படித்தான். அட்டையில் விழுந்தது பெட்டியின் முகம் அல்ல, இடம் வலம் மாறிய முகம். அதை அப்படியே நான் சுத்தமாக வரைந்து வைத்தேன். திரும்ப ஒருமுறை பெட்டிமேல் வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் கூட்டம் நெரிந்தது. சாப்பாட்டுக் கடை மேசையில் தம்பி இரண்டு அட்டையையும் விரித்து வைத்துக்கொண்டு, தோசை ஆறிப்போகிற வரைக்கும் பார்த்தார். தகடு வெட்டுகிற வேலையை ஆரம்பிக்க அன்று மத்தியானமே துவாஸுக்குத் திரும்பிவிட்டார். வாரத்தில் அவருக்கு இருக்கிற ஒரே லீவு நாள் அது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அதே இடத்தில் காய்கறிப் பையில் தகட்டையும் குழலையும் போட்டுக் கொடுத்தார். கனத்தில் பையின் காது அறுந்துவிடும் போல இருந்தது. அலுமினியத் தகடு கண்ணாடி போல இருந்தது. ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் அரத்தால் மழித்திருந்தார். விரலை வைத்துத் தேய்த்தால் எங்கும் குத்தவில்லை.

“உள்ள போய் மறையற சாமானுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு வேலை?”

“நாளைக்கு இதக் கழட்டுறவன் கையைக் கிழிச்சிரக் கூடாதுல்லண்ணே.”

நாளைக்கு அதைக் கழற்றப்போகிறவன் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த யாரோ ஒருவனின் விரலைப் பற்றி அவர் யோசித்திருக்கிறார். எம்ஆர்டி ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

மறுநாள் காலை பட்டறையில் குழலை மாட்டினேன். முதல் தடவையே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தகடு ஜீப் பெட்டியில் உட்கார்ந்தது. கியர் பெட்டிப் பக்கம் மட்டும் உட்காரவில்லை. நடு வட்டம் சரி. எட்டில் ஐந்து துளை சரி. மூன்று துளை ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தன.

ஞாயிறாக இருந்தாலும் தவுக்கே அன்றைக்கு வந்திருந்தார். பின்னால் நின்று பார்த்தார்.

“அந்த துவாஸ் ஆளு ராங்கா பண்ணிட்டான். ஐ கால் தி டிராக்டர், ஓகே?”

பிள்ளைகளே, இதையும் எழுதத்தான் வேண்டும். தப்பு யாருடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் அது தம்பியுடையதாக இருக்கட்டும் என்று மனசு ஒரு நிமிடம் ஆசைப்பட்டது. “இன்னிக்கு ஒரு நாள் குடுங்க பாஸ்,” என்று மட்டும் கேட்டுவிட்டு, வெளியே போய்த் தம்பிக்குப் போன் பண்ணினேன்.

அவர் ஏன், எப்படி என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “கழட்டி வைங்கண்ணே, வர்றேன்,” என்றார். துவாஸ் இந்தத் தீவின் ஒரு மூலை, சாங்கி இன்னொரு மூலை. ரயிலிலும் பஸ்ஸிலுமாக இரண்டு மணி நேரம் கழித்து, தோளில் ஒரு பையோடு வந்து இறங்கினார்.

வந்ததும் தகட்டைப் பார்க்கவில்லை. பையிலிருந்து நான் கொடுத்த அட்டையை எடுத்து, கியர் பெட்டிமேல் வைத்தார். ஐந்து துளை சேர்ந்தன, மூன்று சேரவில்லை. அட்டையைப் புரட்டி வைத்தார். எட்டும் சேர்ந்துவிட்டன.

என் காது சூடாகிவிட்டது. “தம்பி… நான் குங்குமத்துல அச்சு எடுத்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார், கியர் பெட்டியைப் பார்த்தார். “பெட்டிக்குப் பொட்டு வச்சிருக்கீங்க. அது கண்ணாடியில முகத்தக் காட்டியிருக்கு!” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கிறதற்குள் தவுக்கே வந்துவிட்டார்.

“ஹூ மேக் தி மிஸ்டேக்?”

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டார்: “மீ பாஸ். ஐ நெவர் ஆஸ்க்.” பிறகு என் பக்கம் திரும்பி, “அட்டைய எப்படி எடுத்தீங்கன்னு நான்தான் கேட்டிருக்கணும்.”

அப்போது நான் சும்மா இருந்திருந்தால் என் வேலைக்கு நல்லது. ஆனால் லீவு நாளில் தீவின் அந்த மூலையிலிருந்து வந்த மனிதர், என் தப்பையும் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். “நோ பாஸ்,” என்றேன். “மை மிஸ்டேக். அவர் வெட்டுனது கரெக்ட். நான் குடுத்த அளவுதான் தப்பு.”

தவுக்கே என் பக்கம் திரும்பினார். “யூ ஆ? ஃபோர்ட்டீன் இயர்ஸ் ஆ?” என்றார். அவ்வளவுதான். டிராக்டருக்குப் போன் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

துவாஸ் மெஷின் இனி அடுத்த ஞாயிறுதான் கிடைக்கும். எங்கள் பட்டறையில் இருந்தது ஒரு பழைய டிரில் மெஷின் மட்டும்தான். தம்பி முதலில் தப்பான மூன்று துளைக்கும் மரை வெட்டி, இரும்புத் திருகாணி முறுக்கி, அடைத்து, தகட்டோடு சமமாக அரைத்தார். பிறகு மூன்று போல்ட்டுகளின் தலையை வெட்டி, வெட்டின முனையை ஊசி போலக் கூராக்கினார். அவற்றை அந்த மூன்று இடத்தில் கியர் பெட்டிக்குள் திருகி, கூர் முனை மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டார். தகட்டை நேராக வைத்து, மரக்கட்டையால் ஒரு தட்டு. எடுத்துப் பார்த்தால் தகட்டில் மூன்று புள்ளி.

“அட்டையும் வேணாம், அச்சும் வேணாம். பெட்டியே தன் கையால புள்ளி வச்சிருச்சு, பாத்தீங்களாண்ணே?”

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஸ்கேல் இல்லை, கணக்கு இல்லை. தப்பு நுழைய அதில் இடமே இல்லை. அந்தப் புள்ளிகளில் துளை போட அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. சின்ன டிரில், அடுத்தது, அதற்கடுத்தது என்று அவசரமே படவில்லை. கடைசியில் அந்த மூன்று துளைகளின் ஓரத்தையும் அரத்தால் மழித்தார். தகட்டைத் தூக்கி வைத்தோம். எட்டு போல்ட்டும் கையாலேயே உள்ளே போயின. தவுக்கே ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, ஒரு போல்ட்டைத் தானே இரண்டு சுற்று திருகிப் பார்த்தார்.

“ஹௌ மச்?” என்று தம்பியிடம் கேட்டார்.

“சாப்பாடு வாங்கிக் குடுங்க பாஸ். மட்டன்.”

திங்களும் செவ்வாயும் நான் மற்ற வேலைகளை முடித்தேன். புதன் மத்தியானம் தண்ணீர் ஏறியது. சரிவின் பாதி வரைக்கும் கடல். பெரிய படகு மெல்ல மிதந்து வந்து சக்கர வண்டிமேல் உட்கார்ந்தது. ஜீப்பை முதல் கியரில் போட்டு, கிளட்சை விட்டேன். கயிறு விறைத்தது. பழைய இன்ஜின் இந்த இடத்தில் அலறும். இந்த ரொட்டி வேன் இன்ஜின் ஒரு உறுமல்கூடப் போடாமல் தன்பாட்டுக்கு ஏறியது. எல்லாச் சக்கரமும் பிடித்தன. தகட்டிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. படகின் வயிற்றிலிருந்து தண்ணீர் கொட்ட, அது மேலே வந்து நின்றது.

இன்ஜினை நிறுத்தாமலே தம்பிக்குப் போன் போட்டு, போனை வெளியே நீட்டினேன்.

“கேக்குதா தம்பி?”

“கேக்குதுண்ணே. படகு எங்க?”

“மேல!”

“அப்ப வண்டிய ஆஃப் பண்ணுங்க, டீசல் சும்மா எரியுது. சூப்பர்வைசர் பாக்குறாரு, வச்சிடுறேன்.”

தவுக்கே போனில் டிராக்டர்காரரிடம் “நோ நீட் லா, நோ நீட்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த மாத வேலைத் தாளில் சரிவுக்கு நேராக என் பெயர் இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் மட்டும் ஜீப்புக்கு அடியில் படுத்தேன். தகட்டின் எட்டு போல்ட்டையும் ஸ்பானர் வைத்து மறுபடி பார்த்தேன். ஒன்றுகூட இளகவில்லை. பிறகு ஒரு சின்னப் பிரஷ்ஷில் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு கோடு இழுத்தேன். என்றைக்காவது ஒரு போல்ட் திரும்பினால் கோடு உடைந்துவிடும், உடனே தெரிந்துவிடும். எட்டாவது கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதைத் துணியால் துடைத்துவிட்டு, திரும்ப நேராகப் போட்டேன்.